டைட்டில் 1 நிதி: சட்டம் இடம் தருகிறது, பள்ளிகள் தயங்குகின்றன

அமெரிக்காவில் வறுமை மிகுந்த பள்ளிகளுக்குக் கூட்டாட்சி அரசு தரும் டைட்டில் 1 நிதிக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. 1965-இல் அதிபர் ஜான்சன் ஆட்சியில் வந்த திட்டம் இது. ஒரு காலத்தில் பின்தங்கிய பிள்ளைகளை அடையாளம் கண்டு, அவர்களுக்கு மட்டுமே இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்கள். நடந்தது என்ன? வகுப்பில் பாடம் நடக்கும்போதே அந்தப் பிள்ளைகளை எழுப்பித் தனி அறைக்கு அனுப்பினார்கள். பாடமும் போயிற்று, 'மக்கு' என்ற முத்திரையும் விழுந்தது.

இன்று 40 சதவீத மாணவர்கள் ஏழைகளாக இருந்தாலே, தேவைகளை ஆராய்ந்து பள்ளி முழுமைக்கும் திட்டம் வகுக்கலாம். மனநல ஆலோசகரை அமர்த்தலாம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரலாம், மழலையர் வகுப்பு தொடங்கலாம். மாநில, உள்ளூர் நிதியோடு சேர்த்து ஒரே கணக்கில்கூட வைக்கலாம். ஆனால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் பல பள்ளிகள் பழைய பாணியை விடுவதில்லை. அந்தப் பயத்தைப் போக்குவதுதான் கல்வித் துறையின் வேலை. கூடுதல் படிவங்கள் அல்ல.

ஒரு விதியை மட்டும் தளர்த்தவே கூடாது: இந்தப் பணம் வருகிறது என்பதற்காக மாநிலமும், பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகமான பள்ளி மாவட்டமும் அந்தப் பள்ளிக்குத் தாங்கள் தர வேண்டியதில் ஒரு டாலரையும் குறைக்கக் கூடாது.