உயில் எழுத வேண்டிய வயது 70 அல்ல, 38

உயில் என்றாலே தாத்தா பாட்டி சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வேன். 70 வயதுக்காரரின் பிள்ளைகள் வளர்ந்தவர்கள். பேசி முடிப்பார்களோ அடித்துக்கொள்வார்களோ, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆளாவது இருக்கிறது. ஸ்கூல் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் 38 வயதுக்காரர் உயில் இல்லாமல் போய்விட்டால்தான் வீடு முடங்கும்.

தாம்பரத்தில் ஒரு ஃபிளாட், அவருடைய சம்பாத்தியம், அவர் பெயரில் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, 10 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள், ஊரில் அம்மா. "எல்லாம் மனைவிக்குத்தானே?" இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருமே முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குக் கால் பங்கு. (அப்பா இருந்தாலும் அவர் இரண்டாம் வகுப்புதான், பல அப்பாக்களுக்கே இது தெரியாது.)

இப்போது மனைவி ஃபிளாட்டை விற்கப் போனால் பிள்ளைகளின் பாதிப் பங்கு குறுக்கே நிற்கும். பெற்ற தாயே ஆனாலும் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முன்கூட்டியே கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விற்றால், பிள்ளை மேஜரானதும் அந்தக் கிரயத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். விவரம் தெரிந்தவர் யார் வாங்குவார்? அனுமதி கிடைத்தாலும், பிள்ளைகள் பங்குப் பணத்தை 18 வயது வரை வங்கியில் போட்டுவைக்கும்படி கோர்ட் சொல்வது சாதாரணம். மாமியாரின் கால் பங்கு வேறு இருக்கிறது. அவரும் உயில் எழுதாமல் காலமானால் அது அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும். கொழுந்தனார், நாத்தனார் எல்லோரும் சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்தால்தான் பத்திரம் நகரும்.

இரண்டு பக்க உயிலில் தீர வேண்டிய விஷயம் இது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. கட்டாயமானது, நீங்கள் கையெழுத்திடுவதும் இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிடுவதும்தான். சொத்து பெறுபவரையோ அவர் கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். முதல் சந்தேகமே அங்கேதான் கிளம்பும். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். நாளைக்கு வழக்கென்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும்; பதிவு செய்த உயிலுக்கும் அப்படித்தான்.

"என் வீடு" என்று மொட்டையாக எழுதாதீர்கள். பத்திர எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், நான்கெல்லை, ஃபிளாட் என்றால் யூடிஎஸ் (மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி என்பதுவரை மூலப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும்.

பழைய மாதிரியை அப்படியே நகலெடுப்பதில்தான் பெரிய ஆபத்து. "என் மனைவி ஆயுட்காலம் வரை யாதொரு வில்லங்கமும் செய்யாமல் அனுபவித்து, அவருக்குப் பின் பிள்ளைகள் அடைய வேண்டியது" என்ற வரி அதில் தானாக வந்து உட்காரும். படிக்கப் பாசமாக இருக்கும். ஆனால் விற்கும் வழியை அதுவே அடைத்துவிடும். எதைத் தவிர்க்க உயில் எழுதினோமோ அங்கேயே வந்து நிற்போம். மனைவிக்குத்தான் என்றால் "சர்வ சுதந்திர பாத்தியதையுடன், தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்", அதாவது விற்கவும் தானம் கொடுக்கவும் முழு உரிமையோடு என்று முழுசாகக் கொடுங்கள். அம்மாவை விட்டுவிடச் சொல்லவில்லை. அவருக்கென்று ஒரு வைப்புத்தொகையைத் தனியாக எழுதுங்கள். நீங்களும் மனைவியும் ஒரே விபத்தில் போய்விட்டால் பிள்ளைகளுக்குக் கார்டியன் யார் என்பதும் ஒரு வரி. மனைவியும் தனியாக ஓர் உயில் எழுத வேண்டும்.

"நாமினி போட்டாச்சே" என்பவர்களுக்கு: வங்கிக் கணக்கிலும் கம்பெனிப் பங்குகளிலும் (ஷேர்) நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர், உரிமையாளர் அல்ல. கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்துவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நாலு பேர்வரை நாமினி போடலாம். போடுங்கள், பணம் சீக்கிரம் கைக்கு வரும். பிஎஃப்பைத் தனியாகப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகும்.

வாரிசுகளுக்கு ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு மதத்துக்கு மதம் மாறும். கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. அவர்களுக்குத் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்து. முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை.

எழுதிய உயிலை உங்கள் பெயரில் மட்டும் இருக்கிற லாக்கரில் பூட்டிவைக்காதீர்கள். லாக்கரைத் திறக்க உரிமை யாருக்கென்று காட்டும் தாள் லாக்கருக்குள்ளேயே கிடக்கும். பதிவு செய்திருந்தால் அந்தக் கவலையும் பாதி குறையும்: நீங்கள் இருக்கும்வரை நகல் உங்களுக்கு மட்டும்தான், அதற்குப் பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி வீட்டில் உள்ளவர்கள் வாங்கிக்கொள்ளலாம். எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்த வருடம் என்பதை மட்டும் மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.