அம்மாட சோத்துக் கோப்பைக்கு எத்தின டொக்டர்மார்

அம்மாக்கு சீனி வருத்தம் வந்து பதினொரு வருசம். குளிசை எழுதுறது ஒரு கிளினிக்தான், ஆனா சாப்பாடு எழுதுறது எங்கட ஊரு ஆரையம்பதி முழுக்க. பெரியம்மா வந்தா பாவக்காச் சாறு, முன்வீட்டு மாமி வந்தா வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி கா, கனடா மாமா வட்ஸ்அப்புல ஏழு நிமிச வொய்ஸ் மெசேஜ், "அக்கா சோத்த அடியோட நிப்பாட்டு, முட்டையும் இறைச்சியும் தின்னு, நான் பன்னிரண்டு கிலோ குறைஞ்சிட்டன்". பேலியோவாம். எனக்கும் சரி எண்டுதான் பட்டிச்சி, நானே சந்தைக்குப் போய் முட்டை வாங்கிட்டு வந்தன், அதையும் சொல்லத்தானே வேணும்.

மூணாம் நாள் விடியச்சாமம் அம்மா அனுங்குற சத்தம். போய்ப் பாத்தா சட்டையெல்லாம் தொப்பமா நனைஞ்சி கிடக்கு, கை நடுங்குது, என்னப் பாத்து தம்பிர பேரச் சொல்லிக் கூப்பிடுறா. விரல்ல குத்திப் பாத்தன், சீனி 52. எழுபதுக்குக் கீழ போனாலே குறைவு. ஓடிப்போய் மூணு தேக்கரண்டி சீனியக் கரைச்சி, சீனி வருத்தக்காரிக்கு நானே சீனித் தண்ணி பருக்கினன். கால் மணித்தியாலத்துக்குப் பொறகுதான் "என்ன மனே, ஏன் எல்லாரும் எழும்பி நிக்கிறீங்க" எண்டு கேட்டா.

விசயம் என்னண்டா அம்மா போடுறது மெட்ஃபோர்மின் மட்டுமில்ல, கிளிக்ளசைட்டும் போடுறா. அந்தக் குளிசை வயித்துல சோறு இருக்கா இல்லையா எண்டு பாக்காது, இன்சுலினச் சுரக்க வச்சிரும். சோத்த நிப்பாட்டினம், குளிசைய நிப்பாட்டல்ல. மறுகா மாமாட்ட கேட்டா, அவருக்கு அங்க டொக்டர் முதலே குளிசையக் குறைச்சி விட்டவராம். ஏழு நிமிசம் கதைச்ச மனிசன் அத மட்டும் சொல்லல்ல பாருங்க.

அடுத்தது குரக்கன். குரக்கன் பிட்டு எவ்வளவு திண்டாலும் சீனி ஏறாதெண்டு ஆரோ சொல்ல, அம்மா ரெண்டு குழல் பிட்டு. 100 கிராம் அரிசியில மாவுச்சத்து 78 கிராம் கிட்ட, குரக்கன்லயும் எழுபது கிட்ட வரும். நார்ச்சத்தும் கல்சியமும் கூடத்தான், இல்லையெண்டல்ல, ஆனா ரெண்டு குழலெண்டா ரெண்டு குழல்தானே.

இதுக்குள்ள கிரியாற்றினின் வேற ஏறிட்டுது, இரத்தத்துல அது ஏறினா கிட்னி சரியா வேலை செய்யல்ல எண்டு அர்த்தமாம். கிளினிக் சுவத்துல ஒட்டின தாள்ல தினமும் கீரை, பழம் தின்னச் சொல்லியிருக்கு, உள்ள போனா பொட்டாசியம் கூட, வாழப்பழமும் இளநியும் குறைங்க, கீரைய அவிச்சித் தண்ணிய ஊத்திட்டுச் சமைங்க எண்டுறாங்க. ரெண்டும் சரிதான், முதலாவது சீனிக்கு, ரெண்டாவது கிட்னிக்கு. அம்மாக்கு ரெண்டும் இருக்கே. அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2019ல எல்லாருக்கும் பொருந்துற ஒரே சாப்பாட்டு முறை எண்டு ஒண்டு இல்லையெண்டு எழுதிட்டுது, எங்கட ஊருல மட்டும் ஆளுக்கொண்டு வச்சிருக்கம்.

உடம்பு எடையக் குறைங்க எண்டு கொப்பியில எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுறதுல எனக்குச் சரியான கோவம். அறுபத்திமூணு வயசு மனிசி, முழங்கால் நோ, எப்பிடிக் குறைக்கிறதாம்? போன மாசம் புதுசா வந்த ஒரு டொக்டர் புள்ளதான், "அம்மா நீங்க எந்தக் கோப்பையில சாப்பிடுற, எவ்வளவு போடுற" எண்டு கேட்டிச்சி. பதினொரு வருசத்துல அதக் கேட்ட முதல் ஆள். நான் போன்ல இருந்த படத்தக் காட்டினன், பூப்போட்ட பீங்கான் கோப்பை, கரை தெரியாமச் சோறு. அந்தப் புள்ள சிரிச்சிட்டு, இதுல பாதிய மரக்கறியால நிரப்புங்க, சோறு காவாசி, மீன் காவாசி எண்டிச்சி. குளிசையையும் மாத்தி எழுதிச்சி. அம்மா சோறு திண்டுதான் இப்ப காலமச் சீனி 130க்குள்ள நிக்கிது.

நேத்து படுவான்கரையில இருந்து ஒரு சட்டி தயிர் வந்திச்சி. அம்மா சட்டியையும் பாக்கிறா என்னையும் பாக்கிறா, "மனே, இதுக்கு உன்ட போன் என்ன சொல்லுது?". ஒரு சின்னக் கிண்ணத்துல போட்டுக் குடுத்துட்டு சீனிப் போத்தல என்ட பக்கம் இழுத்து வச்சிக்கிட்டன். பெரியம்மா குசினிக்குள்ள இருந்து சத்தம் போடுறா, "கருப்பட்டியப் போட்டுத் தின்னு கா, அது ஒண்டும் செய்யாது".