ஓடினாளா, ஓடுப்பட்டாளா?

சென்ற மாதம் எங்கள் ஊர் வாசிகசாலையில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். தரம் ஒன்பதில் படிக்கும் பிள்ளை ஒருவன் ‘பராசக்தி’ படத்தின் நீதிமன்ற வசனத்தை எடுத்துக்கொண்டான். ‘ஓடினாள், ஓடினாள், வாழ்க்கையின் ஓரத்திற்கே ஓடினாள்’ என்ற இடத்தில் மண்டபம் கைதட்டலால் நிறைந்துவிட, அதற்கு அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளையில் குறையில்லை. 1952 தீபாவளிக்குப் படம் வெளிவந்த நாள் முதல் நாங்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் கைதட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ, அந்த வரியின் பொருள் கைதட்டலில் அமுங்கிப்போகும் அடுத்த வசனத்தில்தான் இருக்கிறதென்று படுகிறது.

கலைஞர் மு. கருணாநிதி எழுதிய அந்த அடுக்கில், சிவாஜி நடித்த குணசேகரனின் தங்கை கல்யாணியை முதலில் பகட்டு மிரட்டுகிறது, பிறகு பணம் துரத்துகிறது, கடைசியில் பக்தி பயமுறுத்துகிறது. எழுவாயாக நிற்பவை எல்லாம் துரத்துகின்றவையே. கல்யாணி ஒவ்வொரு முறையும் வாக்கியத்தின் பின்பாதியில் மட்டும் வந்து, ஓடி, மறைந்துவிடுகிறாள். கணவனையும் தகப்பனையும் இழந்து, இட்லி விற்றுப் பிழைக்கப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு முடிவில் எஞ்சிய ஓரம் ஓர் ஆற்றின் ஓரம். கைக்குழந்தையை அதில் எறிந்துவிட்டுத் தானும் சாக முயன்றவள் குற்றவாளிக் கூண்டுக்கு வருகிறாள். அதற்குப் பிறகுதான், இன்று சட்டத்தை நீட்டுவோர் அன்றைக்கே அந்த ஓட்டத்தைத் தடுத்திருக்க வேண்டும் என்று குணசேகரன் சொல்கிறான். ஓடியவளைப் பற்றிய புலம்பலாக நாங்கள் கேட்கின்ற வரி, உண்மையில் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் மீதான குற்றப்பத்திரிகை.

படத்தில் கல்யாணியின் வழக்கை விசாரிக்கும் நீதிபதி வேறு யாருமல்லர், அவளுடைய மூத்த அண்ணன் சந்திரசேகரன். யப்பானியக் குண்டுவீச்சுக்குத் தப்பி ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்தவர், அதாவது ஒரு காலத்தில் தாமும் ஓடியவர். ஆனால் பசியோடு தம் வாசலுக்கு வந்த தங்கையை அடையாளம் தெரியாமல் விரட்டிவிட்டவரும் அவரேதான். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழத் தொடங்கிய பின் இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். பெருந்தொகையானோர் காட்டு வழியே நடந்தே வந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்துக் கொட்டகையில் அமர்ந்து அந்த வசனத்தைக் கேட்டவர்களில், அப்படி நடந்து வந்தவர்களைத் தெரிந்தவர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் எதுகை மோனையாக இருந்திருக்காது.

நான் அந்த வசனத்தை முதலில் கேட்டது இலங்கையின் வன்னியிலுள்ள அக்கராயனில், போர் நடந்துகொண்டிருந்த 1990களின் பிற்பகுதியில். அப்போது வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, பற்றரி கொண்டுவர அனுமதியும் இல்லை. பெரியப்பா சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற்றைப் பாடவிடுவார். கை சோர்ந்தால் சிவாஜியின் குரலும் சோரும். ‘ஓ...டி...னாள்’ என்று இழுபட்டு வரும் அந்த ஒலிக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். களைத்துப்போன ஒருவரின் ஓட்டம் அப்படித்தான் இருக்கும் என்பது 2008இல் போருக்குத் தப்பி ஓட எங்கள் முறை வந்தபோதுதான் தெரிந்தது. அக்கராயனிலிருந்து தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, வலைஞர்மடம் என்று, உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஏற்றிய சாமான் இடத்துக்கு இடம் குறைந்து, கடைசியில் ஒரு தறப்பாளும் ஒரு சட்டியுமாக முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் நீரேரி. ஓரம் என்ற சொல்லுக்கு அதன் பிறகு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

மீள்குடியேறிய பின்னர், வீட்டுச் சேதம் பற்றிய படிவம் ஒன்றுக்காகப் பெரியம்மாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பாராமலே, “வீடு நல்லாய் இருக்கேக்கை ஏனம்மா விட்டிட்டு ஓடினனீங்கள்?” என்று கேட்டார். தமிழர்தான், பேச்சைப் பார்த்தால் அவரும் எங்கேயோ ஓடி வந்தவராகத்தான் இருக்க வேண்டும். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நாங்கள் ஓடேல்லைத் தம்பி, ஓடுப்பட்டனாங்கள்” என்றார்.

ஓடுதல் ஒருவர் தாமாகச் செய்வது. ‘ஓடுப்படுதல்’ என்று எங்கள் சனம் சொல்லும்போது, அடிபடுதல், மிதிபடுதல் போல அந்த ஓட்டமும் ஒருவர்மேல் வந்து விழுந்த ஒன்றாகிவிடுகிறது. கல்யாணியும் ஓடுப்பட்டவள்தான். இதை எந்தத் திரைப்பட ஆய்விலிருந்தும் நான் எடுக்கவில்லை. பெரியம்மா சொல்லித்தான் விளங்கியது.

அந்தப் படிவத்தில் ‘வெளியேறிய காரணம்’ என்று அரை வரி இடம் விட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.