தினமும் நடந்தால் போதுமாம்

மாரடைப்பைப் பற்றிய நேற்றைய கலந்துரையாடல் காணொளியைப் பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மாரடைப்பு சோம்பேறிகளைத்தான் தேடி வருகிறது, தினமும் நடந்தால் போதும் என்று அதில் பேசிய மருத்துவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது.

என் அப்பா 30 ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவர். பகலில் எங்கள் சத்தத்துக்கு நடுவே தூங்க முயன்றவர். 57 வயதில் நெஞ்சுவலி வந்து படுத்தபோது அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "தினமும் நடப்பதுண்டா?" பஸ் வராத விடியற்காலைகளில் வேலையிலிருந்து வீடுவரை நடந்தே வந்த மனிதர், "இனிமேல் நடக்கிறேன் ஐயா" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல.

நோய் ஆளைப் பார்த்து வருவதில்லை என்பார்கள். வருகிறது. சமூகத்தில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து வருகிறது. 1967இல் லண்டனில் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களைப் பற்றியது. அனைவருக்கும் வேலை இருந்தது, இலவச மருத்துவமும் இருந்தது. அப்படியும் கடைநிலையில் இருந்தவர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உச்சியில் இருந்தவர்களைவிட 3 மடங்குக்கும் மேல். "புகைபிடித்திருப்பார்கள்" என்று உடனே கிளம்புவீர்கள். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியேதான் நின்றது.

கதை அலுவலகத்தில் தொடங்குவதும் இல்லை. எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு அதிகம். கருவிலேயே சோம்பேறியாக இருந்திருக்கும் போலும்! பெட்ரோலில் ஈயம் என்ற நச்சு உலோகத்தைக் கலக்க அனுமதித்தவர்கள் பெரியவர்கள். அது தேங்கியது சாலையோரக் குழந்தைகளின் உடலில். உலகில் கடைசி நாடு அதை நிறுத்தியது 2021இல்தான். எந்தக் குழந்தை எத்தனை மணிக்கு எழுந்து ஓடியிருந்தால் அந்த ஈயம் கரைந்திருக்கும்? நிறுத்தியது சட்டம். மனவுறுதி அல்ல, சட்டம்.

"தனிமனிதப் பொறுப்பே கிடையாதா?" உண்டு, உண்டு. நானும் நடக்கிறேன். நடக்க நேரம் இருக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். "என் தாத்தா ஏழையாகவே 90 வயதுவரை வாழ்ந்தார்." வாழ்த்துகள். "இலவச மருத்துவம் வந்தும் பிரிட்டனில் ஏழை, பணக்காரர் உடல்நல இடைவெளி மூடவில்லையே?" நியாயமான கேள்வி. 1980இல், அந்நாட்டின் உடல்நல ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்த பிளாக் அறிக்கையும் அதைத்தான் சொன்னது: மருத்துவமனை மட்டும் போதாது; வீடு, வருமானம், குழந்தைப் பருவம் எல்லாம் சரியாக வேண்டும் என்று. அன்றைய அரசு செலவைக் காட்டி ஒதுக்கிவிட்டது. பணம் இல்லையாம். அறிவுரைக்கு மட்டும் எந்த அரசிடமும் பஞ்சமே வருவதில்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் காணொளியைக் கைதட்டும் பொம்மையோடு எனக்கு அனுப்பியது என் தம்பி. தினமும் 6 கிலோமீட்டர் ஓடுகிறான், நல்லது. அவன் கல்லூரிக் கட்டணம் முழுவதும் அப்பாவின் இரவுப் பணிப் படியிலிருந்து போனது. அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்துதான் இவ்வளவு நீளமாகிவிட்டது. அவனும் இங்கே நட்புப் பட்டியலில் இருக்கிறான், படிக்கட்டும்.