தோங்னேயிலிருந்து ஹன்யாங் வரை: 'கிங்டம்' தொடரை மறுபடி பார்த்தபோது

போன வாரம் 'கிங்டம்' கொரியத் தொடரை நான்காவது தடவையாகப் பார்த்து முடித்தேன். 2019 ஜனவரியில் முதல் பாகம், 2020 மார்ச்சில் இரண்டாவது, ஒவ்வொன்றிலும் ஆறே அத்தியாயங்கள். இரண்டு இரவில் பார்த்துவிடலாம். கீழே கதையை முடிவு வரைக்கும் சொல்லியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

"ஜோம்பி கதைதானே" என்று ஒதுக்கும் நண்பர்களிடம் இதற்காக நிறைய சண்டை போட்டிருக்கிறேன். இந்தத் தடவை கொரிய வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அதன் பிறகு இது எனக்கு வேறொரு கதையாகவே ஆகிவிட்டது.

நோய் பரவத் தொடங்குவது தோங்னேயில். இன்றைய பூசான் நகரத்துக்குள் இருக்கிற இடம். அங்கிருந்து சாங்ஜு, அப்புறம் முங்யோங் சேஜே என்கிற மலைக்கணவாய், அதைத் தாண்டினால் தலைநகர் ஹன்யாங், அதாவது இன்றைய சோல். கொரியர்களுக்கு இந்தப் பாதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1592-இல் ஜப்பானியப் படை பூசானில் இறங்கி, தோங்னே கோட்டையைப் பிடித்து, சாங்ஜுவில் ஒரு படையை முறியடித்து, சேஜேயைக் கடந்து, சுமார் இருபது நாளில் ஹன்யாங்கிற்குள் நுழைந்தது. அதற்குள் மன்னர் சோன்ஜோ தலைநகரை விட்டு வடக்கே ஓடிவிட்டார். சேஜே மிகக் குறுகலான கணவாய். சின் ரிப் என்ற தளபதி அதைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு, சுங்ஜு பக்கம் ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சமவெளியில் நின்று போரிட்டுத் தோற்றார்.

கதை நடப்பது அந்தப் போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. அதே பாதை, அதே கணவாய். இந்த முறை சேஜேயின் வாசலை இறுக்கி மூடுகிறார்கள். அடைத்தது சொந்த நாட்டு அமைச்சர் சோ ஹாக்ஜூ. வெளியே நிற்பதோ தெற்கத்திக் குடியானவர்கள். எதிரி வந்தபோது திறந்து கிடந்த வாசல், சொந்த ஜனங்கள் உயிருக்குப் பயந்து ஓடி வரும்போது மூடுகிறது. எழுத்தாளர் கிம் உன்ஹீ இதைப் பற்றி ஒரு வசனம்கூட வைக்கவில்லை. வரைபடத்தில் விரலை வைத்து அந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நோய் எப்படித் தொற்றுநோய் ஆகிறது என்பதையும் கவனியுங்கள். பெரியம்மையில் செத்துப்போன மன்னரை, இளம் ராணிக்குக் குழந்தை பிறக்கும்வரை செத்ததாகக் காட்டக்கூடாது என்று, ஒரு மூலிகையை வைத்து எழுப்பி அரண்மனையில் கட்டிப் போடுகிறார்கள். அவர் கடித்து ஒரு பையன் சாகிறான். அவன் உடல் தோங்னேயில் ஜியுல்ஹோன் என்ற வைத்தியசாலைக்கு வருகிறது. அங்கே நோயாளிகள் நாள்கணக்கில் பட்டினி. யோங்ஷின் என்பவன் அந்த உடலை வெட்டி, மான் கறி என்று சொல்லி, கொப்பரையில் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறான். குடித்தவர்கள் எழுந்து மனிதரைத் தின்னத் தொடங்குகிறார்கள். அதுவரை கடிபட்டவன் செத்தான், அவ்வளவுதான். இதற்குப் பிறகுதான் கடிபட்டவன் எழுந்து வருகிறான். மன்னர் கடித்து வந்த சாவை ஊர் முழுக்கப் பரவும் நோயாக மாற்றியது பசி. யோங்ஷினை என்னால் இன்றுவரை வெறுக்க முடியவில்லை. ஜியுல்ஹோனில் அத்தனை பேர் பட்டினி கிடந்தபோது அதிகாரத்தில் இருந்த யாரும் ஒரு பிடி அரிசி அனுப்பவில்லை.

தோங்னேயில் பிணங்களை எரிக்கச் சொல்கிறான் இளவரசன் லீ சாங். யாங்பான் என்கிற மேல்குடிக்காரர்கள் மறுக்கிறார்கள். பெற்றோர் தந்த உடலுக்குச் சேதம் செய்யக்கூடாது என்பது கன்பூசிய நெறி. ஏழைகளின் பிணத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், எங்கள் பிணத்தைத் தொடாதே என்கிறார்கள். பிறகு ஊரை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறுகிறார்கள். ஒரு தாய் தன் மகனின் உடலைப் பெட்டிக்குள் ஒளித்து அதே கப்பலில் கொண்டு போகிறாள். இரவில் பெட்டி திறக்கிறது. அந்தத் தாயின் துக்கம் உண்மையானது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிணத்திலும் உயர்ந்தது தாழ்ந்தது பார்க்கிற ஒரு வழக்கம் எத்தனை உயிரை வாங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

லீ சாங்கிடம் வருகிறேன். அவன் ஆசைநாயகிக்குப் பிறந்தவன், பட்டத்து இளவரசன். அப்பாவுக்கோ சின்ன வயதுப் பெண் ஒருத்தி புது ராணி. அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தால் இவன் கதை முடிந்தது. இதுவும் காற்றிலிருந்து பிடித்தது இல்லை. மன்னர் சோன்ஜோவுக்கு ஆசைநாயகி வழியில் பிறந்தவர் குவாங்ஹே. போர்க்காலத்தில் பட்டத்து இளவரசராக நாட்டைத் தாங்கியவர். 1602-இல் சோன்ஜோ இளம்பெண் இன்மோக்கை ராணியாக்கினார். 1606-இல் யோங்சாங் என்ற ஆண் குழந்தை பிறந்தது. 1608-இல் குவாங்ஹே அரியணை ஏறினார். அந்தக் குழந்தையை காங்வா தீவுக்கு நாடுகடத்தினார்கள். 1614-இல் அங்கேயே கொல்லப்பட்டது. எட்டு வயதுகூட நிரம்பவில்லை. 1623-இல் குவாங்ஹேயையும் கவிழ்த்தார்கள்.

'கிங்டம்' கடைசியில் லீ சாங் முன்னால் இருப்பதும் ஒரு குழந்தைதான். ராணி பெற்றதாகக் காட்டிய பிள்ளை. உண்மையில் அவள் வேறொருத்தியிடமிருந்து பறித்த பிள்ளை, லீ சாங்கின் காவலன் மூயோங்கின் மகன். மூயோங் மனைவிக்காக இளவரசனைக் காட்டிக் கொடுத்தவன், அதே இளவரசனின் மடியிலேயே உயிரை விட்டவன். அரச ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லாத அந்தக் குழந்தையை அரியணையில் விட்டுவிட்டு, தான் செத்ததாகவே இருக்கட்டும் என்று லீ சாங் வெளியேறுகிறான். முதல் அத்தியாயத்தில் உயிர் பிழைக்க அரியணையைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நின்றவன் இவன். நிஜத்தில் குழந்தை செத்தது, அண்ணன் ஆண்டான். கதையில் குழந்தை ஆள்கிறது, அண்ணன் போகிறான். வரலாறு தெரிந்து பார்க்கும்போது எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

அரண்மனையிலேயே வளர்ந்தவனுக்கு இந்த மனசு எங்கிருந்து வந்தது? சியோபியைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில் பாதி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பே தூனா நடித்த மருத்துவப் பெண். இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்தவள் அவள்தான். ஜோசனில் என்ற அந்தக் காலக் கொரிய அரசில் பெண் மருத்துவர்களை 1406-இல் உருவாக்கினார்கள். ஆண் வைத்தியரின் கை மேலே படுவதைவிடச் சாவதே மேல் என்று பெண்கள் இருந்ததால், அரசு அடிமைச் சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து வைத்தியம் கற்றுக்கொடுத்தார்கள். ராணியின் நாடி பிடிக்கலாம், ஆனால் அந்தஸ்து தாழ்ந்ததுதான். சியோபி அந்த மரபில் வந்தவள். வாள் வீசுவதில்லை, பெரிதாகப் பேசுவதில்லை. பார்க்கிறாள், குறித்துக்கொள்கிறாள், மறுபடி பார்க்கிறாள். எழுந்து திரியும் பிணங்கள் பகலில் ஒதுங்குவது வெளிச்சத்துக்குப் பயந்து இல்லை, வெப்பத்துக்குப் பயந்து என்று கண்டுபிடிப்பது அவள். கடிபட்டவர் உடம்புக்குள் இருக்கும் நோய்ப் புழுக்கள் தண்ணீரில் வெளியேறிவிடும் என்று கண்டுபிடிப்பதும் அவள். அரண்மனைக் குளத்தின் பனிக்கட்டியை உடைத்துக் கடைசிச் சண்டையில் பிழைக்கிறார்களே, அது அவள் கவனித்ததால் கிடைத்த உயிர்.

ராணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் என்பதாலேயே அப்பா சோ ஹாக்ஜூ அவளை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அதே அப்பாவுக்கு விஷம் வைக்கிறாள். தனக்கில்லாத அரண்மனை யாருக்கும் வேண்டாம் என்று பிணங்களைத் திறந்துவிடுகிறாள். கொடியவள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவளுக்கு அந்த வீட்டில் வேறு என்ன கற்றுக்கொடுத்தார்கள்?

2021-இல் வந்த சிறப்பு அத்தியாயம் அஷின் என்ற எல்லைப்புறப் பெண்ணின் கதை. அதற்கு ஒரு தனிப் பதிவு வேண்டும், பிறகு எழுதுகிறேன். எனக்கு வேண்டியது மூன்றாம் பாகம். குழந்தையாக இருந்தபோது கடிபட்டுப் பிழைத்த அந்தச் சிறுவன் மன்னனின் உடம்புக்குள், ஏழு வருடம் கழித்து, ஒரு புழு நெளிவதை இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் காட்டினார்கள். மூயோங்கின் பிள்ளை அவன். அவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.