திங்கட்கிழமை ஃப்ளாரன்ஸ்

அந்தப் பயணக் குழுவில் இரண்டு நாளாக நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட் இங்கேயும் வந்துவிட்டது. இன்பாக்ஸிலும் நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். 'திங்கட்கிழமை மேடம்' என்று எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. சரி. அங்கே என் கமென்ட்டை நீக்கிவிட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். இது என் பக்கம், இங்கே யாரும் நீக்க முடியாது.

அந்தக் குழுவில் ஒருவர் இத்தாலிப் பயணத் திட்டம் ஒன்று போட்டிருந்தார், அதில் ஃப்ளாரன்ஸுக்கு ஒரு திங்கட்கிழமையில் அரை நாள். அதற்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஃப்ளாரன்ஸுக்கு அரை நாள் ஒதுக்காதீர்கள், அதுவும் திங்கட்கிழமையில் ஒதுக்கவே ஒதுக்காதீர்கள். திங்கட்கிழமை உஃபிஸி ஓவியக்கூடம் விடுமுறை, அக்காதேமியா அருங்காட்சியகமும் விடுமுறை. போத்திசெல்லியின் வீனஸ் ஓவியம் முதலாவதில் இருக்கிறது, மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை இரண்டாவதில் இருக்கிறது. நம்மவர்கள் பெயர் சொல்லித் தேடிப் போவது இந்த இரண்டையும்தான். இதைத்தான் மரியாதையாக, 'தேதியை ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா பாருங்கள்' என்று எழுதினேன். அதற்கு வந்த பதில்: "உள்ளே போகப் போறோம்னு யாரு சொன்னா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

எனக்குக் கோபம் அந்தச் சிரிப்பு மேல் இல்லை. அந்தப் பதில் மேல்தான். இவ்வளவு பணம் கட்டி, விசாவுக்கு அலைந்து, விமானம் ஏறி இத்தாலி வரைக்கும் போகிற ஒரு மனிதரை ஃப்ளாரன்ஸில் இறக்கி, உள்ளே எதையும் காட்டாமல் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவோம் என்பதைப் பெருமையாக எழுத முடிகிறதே, அதன் மேல்தான்.

அரை நாள் என்றால் என்ன என்று முதலில் பேசுவோம். ஃப்ளாரன்ஸின் பழைய நகரத்துக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, கேமரா வைத்து அபராதம் போடுவார்கள், ஆகவே டூர் பஸ் உங்களை ஓரத்திலேயே இறக்கிவிடும். அங்கிருந்து கைடு கொடியைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் போக, கல் பாவிய தெருவில் வேக நடை. துவோமோ பேராலயத்துக்கு வெளியே நின்று ஒரு படம். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் ஒரு படம். போன்டே வெக்கியோ பாலத்தில் ஒரு படம். அப்புறம் தோல் சாமான் கடை. அங்கே மட்டும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அப்புறம் பஸ். சாயங்காலம் பைசா கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி இன்னொரு படம். இதற்குப் பெயர் ஃப்ளாரன்ஸ் பார்த்தது.

இதே ஊருக்கு மூன்று இரவு கொடுத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் தங்கச் சொல்லவில்லை, மூன்றே இரவு. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்கினால் எல்லாமே நடக்கிற தூரம். முதல் நாள் மதியம் டிக்கெட் எதுவும் எடுக்காதீர்கள், சும்மா நடங்கள். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் மூன்று வளைவுகளோடு ஒரு திறந்த மண்டபம் இருக்கிறது, அதில் சிற்பி செல்லீனி வடித்த கிரேக்கப் புராண வீரன் பெர்சியூஸ் நிற்கிறான், வெண்கலம், 1554-இல் திறந்து வைத்தது, நகல் இல்லை, அசல். காசு கிடையாது, கதவு கிடையாது. வெட்டிய தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தக் கையின் கீழ் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

இரண்டாம் நாள் காலை முதல் வேளைக்கு அக்காதேமியா, மூன்றாம் நாள் காலை உஃபிஸி. இரண்டுக்கும் ஆன்லைனில் நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். துவோமோவின் மேலே புருனெலெஸ்கி கட்டிய குவிமாடத்தில் ஏறுவதென்றால் அதற்குத் தனி டிக்கெட், அதற்கும் நேரம் குறிக்க வேண்டும், 463 படி, லிஃப்ட் கிடையாது, முழங்கால் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். ஏறுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தக் குவிமாடம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளாகக் கட்டியது, ஏறுகிற படி அந்த இரண்டுக்கும் நடுவே போகிறது. 1420-இல் தொடங்கிப் பதினாறு வருடத்தில், கீழிருந்து சாரம் கொடுத்துத் தாங்காமல் எழுப்பிய கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறீர்கள், சுவர் உங்கள் தோள் மேல் சாய்ந்துகொண்டே வருவது தெரியும். வெளியே நின்று எடுக்கிற படத்தில் இது வருமா?

ஒரு நாளைக்கு ஒரு பெரிய அருங்காட்சியகம், அதற்கு மேல் வேண்டாம். மீதி நேரத்துக்குச் சின்ன இடங்கள். சான் மார்க்கோ மடத்துக்கு என்றைக்கு விடுமுறை என்று பார்த்துக்கொண்டு காலையிலேயே போங்கள். அங்கே மாடிப்படி ஏறும்போதே தலைக்கு மேலே மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும், ஃப்ரா ஆஞ்செலிகோ என்ற துறவி சுவரிலேயே தீட்டிய மங்கள வார்த்தை ஓவியம், இயேசு பிறக்கப் போவதைத் தேவதை மரியாளிடம் சொல்லும் காட்சி. தேவதையின் சிறகில் பட்டை பட்டையாக நிறங்கள். மரியாள் ஒரு சாதாரண மர முக்காலியில் உட்கார்ந்து கைகளை மார்பில் குறுக்காக வைத்திருக்கிறாள். பின்னால் சின்னதாக ஒரு சன்னல், அவ்வளவுதான் வீடு. படி ஏறி வருகிற துறவிகள் தினமும் பார்க்க வேண்டும் என்றே அந்த இடத்தில் தீட்டியிருக்கிறார். அதைத் தாண்டினால் வரிசையாகத் துறவிகளின் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சன்னல், ஒரு ஓவியம், வேறொன்றுமில்லை. சவோனரோலா என்ற புகழ்பெற்ற துறவி இருந்த அறையும் அங்கேதான். அந்தத் தாழ்வாரத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது யாரும் என்னை எழுப்பவில்லை. இது எந்த அரை நாள் திட்டத்திலும் இருக்காது, ஏனென்றால் அங்கே தோல் சாமான் கடை இல்லை.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். அங்கேதான் பதில் சொல்ல விடவில்லை.

"காசு இருக்கிறவங்க பேசுவாங்க." இதுதான் அதிகம் வந்தது, இதுதான் அதிகம் வலித்தது. ஐயா, நான் செலவை ஏற்றச் சொல்லவில்லை. ஒன்பது நாளில் ஏழு ஊர் என்று ஓடுவதற்குப் பதிலாக இரண்டு ஊரைக் குறையுங்கள் என்கிறேன். ஊர் விட்டு ஊர் போகிற ஒவ்வொரு தடவையும் வண்டிச் செலவு, பெட்டி தூக்குகிற செலவு, அரை நாள் நஷ்டம். இருக்கிற இரவுகளை ஒரே ஊரில் போட்டால் இதெல்லாம் மிச்சம்தானே? ஃப்ளாரன்ஸில் துவோமோவுக்குள் போக இன்றைக்கும் கட்டணம் இல்லை, தோளும் முட்டியும் மறைத்த உடை போதும். குன்றின் மேலே சான் மினியாத்தோ தேவாலயம், கட்டணம் இல்லை. அதற்குச் சற்றுக் கீழே மைக்கேலாஞ்சலோ திடல், மொத்த ஊரும் ஆர்னோ ஆறும் கண் முன்னே, கட்டணம் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அரசு அருங்காட்சியகங்களில் எந்த நாட்டவராக இருந்தாலும் நுழைவு இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், ஆனால் அன்றைக்கு வரிசையில் நின்றே நாள் போய்விடும். தங்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி உண்டு, அதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காசில்லாதவன்தான் யோசித்துச் செலவு செய்ய வேண்டும், அதனால்தான் சொல்கிறேன்.

"சாப்பாடு கிடைக்காது." கிடைக்கும். ரிபொல்லித்தா என்று பீன்ஸும் கீரையும் ரொட்டியும் போட்ட கெட்டி சூப், தக்காளியில் ரொட்டியை ஊறவைத்துச் செய்கிற பாப்பா அல் பொமதோரோ, இரண்டும் அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் சாப்பிடுவது. இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். ரொட்டியில் உப்பு இருக்காது, அது அவர்கள் வழக்கம்.

"குழந்தைகளுக்குப் போரடிக்கும்." அடிக்காது. அடுத்தது.

"எங்க ஊரு கோயில்ல இல்லாத சிலையா?" இதைச் சொன்னவர் படித்தவர், நல்ல பதவியில் இருப்பவர். அவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன். எனக்கும் தஞ்சாவூர்தான் பக்கம். பெரிய கோயிலைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி வாசலில் நந்தியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போகாமலேயே 'பார்த்தாச்சு' என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதே அளவு மரியாதையைத்தான் நான் அந்த ஊருக்கும் கேட்கிறேன்.

உஃபிஸியில் இருக்கிற அந்தச் செல்வம் எல்லாம் எப்படி அந்த ஊரிலேயே தங்கியது தெரியுமா? ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிசி வம்சத்தின் கடைசி வாரிசு ஒரு பெண், அன்னா மரியா லூயிசா. பிள்ளை கிடையாது. ஆட்சி வேறு குடும்பத்துக்குக் கைமாறுகிறது. 1737-இல் அந்தப் புதிய ஆட்சியாளர்களோடு ஓர் ஒப்பந்தம் போடுகிறாள். தன் குடும்பம் சேர்த்த ஓவியம், சிலை, புத்தகம், நகை எதையும் ஊரை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, அவை நாட்டுக்கு அழகாகவும் மக்களுக்குப் பயனாகவும் வெளியூர்க்காரர்களின் ஆர்வத்தை ஈர்க்கவும் அங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குகிறாள். வெளியூர்க்காரர்களுக்காக. உங்களுக்காகவும் எனக்காகவும்தான் எழுதி வாங்கியிருக்கிறாள். நாம் போய், 'உள்ளே போகப் போறோம்னு யாரு சொன்னா' என்கிறோம்.

அங்கே இந்தியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்றும் சொல்கிறேன், இதுவும் எந்த பேக்கேஜிலும் இருக்காது. கோலாப்பூர் மகாராஜா ராஜாராம் இங்கிலாந்து போய்விட்டுத் திரும்பும் வழியில் 1870-இல் ஃப்ளாரன்ஸில் இறந்துபோனார், இருபது வயதுதான். இரண்டு ஆறுகள் கூடும் இடம் வேண்டும் என்று கேட்டு, ஆர்னோவும் முஞ்ஞோனேயும் சேர்கிற முனையில், இந்து முறைப்படி எரியூட்டினார்கள். காஷீனே பூங்காவின் கோடியில் மண்டபத்துக்குக் கீழே அவர் மார்பளவுச் சிலை இருக்கிறது. பக்கத்தில் உள்ள பாலத்துக்கே இந்தியர் பாலம் என்று பெயர். வீடு திரும்ப முடியாத அந்தப் பிள்ளைக்கு அந்த ஊர் கொடுத்த இடத்தைப் பார்க்கவும் நமக்கு நேரமில்லை.

இவ்வளவு சொல்கிறேனே, எனக்கு ஏன் இவ்வளவு பொறுக்கவில்லை என்று நெருங்கியவர்கள் கேட்டார்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பா முகநூலில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பழைய புத்தகத்திலிருந்து வெட்டிய டேவிட் படம் ஒன்று அவருடைய நோட்டில் ஒட்டியிருக்கும். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றால் இடுப்பு எந்தப் பக்கம் சாயும், தோள் எந்தப் பக்கம் இறங்கும் என்று அந்தப் படத்தை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். தொங்குகிற வலது கையை மட்டும் தனியாக எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். ஓய்வு பெற்றதும் தம்பியும் நானும் சேர்ந்து பணம் கட்டி ஒரு பேக்கேஜில் அனுப்பினோம். பயண நிரலில் 'ஃப்ளாரன்ஸ் - டேவிட் சிலை' என்று அச்சடித்திருந்தது.

திரும்பி வந்த அன்றைக்குப் பெட்டியைக்கூடத் திறக்காமல், "நேர்ல பாத்துட்டேம்மா" என்றார். "கொடியத் தூக்கிட்டு எல்லாரையும் கூப்டுட்டாங்க, கைய நின்னு பாக்க முடியல" என்றும் சொன்னார். போனில் படம் காட்டினார். திறந்தவெளி, பின்னால் பழுப்புக் கல் சுவர், அரண்மனை வாசல். அது நகல். அசலை 1873-இலேயே சிஞ்ஞோரியா சதுக்கத்திலிருந்து எடுத்து அக்காதேமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சதுக்கத்தில் 1910 முதல் நிற்பது நகல்தான். கைடு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்து போனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அசல் இருக்கிறது என்றும் யாரும் சொல்லவில்லை. அப்பா தன் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, அசல் டேவிட்டைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிறகுதான் நான் அங்கே போனேன். அக்காதேமியாவில் நீள மண்டபம், இரண்டு பக்கமும் மைக்கேலாஞ்சலோ பாதியில் விட்ட 'கைதிகள்' சிலைகள், உளியின் பல் பட்ட கோடுகள்கூட அப்படியே கல்லில் இருக்கின்றன, கோடியில் மேலிருந்து வெளிச்சம் விழ அவன் நிற்கிறான், 5.17 மீட்டர். வேறு சிற்பி தொடங்கிக் கைவிட்டு, பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்த கல். சுற்றி வரலாம். அந்த வலது கையின் கீழேயே நிற்கலாம். புறங்கையில் நரம்புகள் புடைத்திருக்கின்றன. உடம்புக்கு அந்தக் கை கொஞ்சம் பெரிசு. அப்பா வரைவதும் கொஞ்சம் பெரிசாகத்தான் வரும். படம் எடுத்தேன், ஆனால் அனுப்பவில்லை. அனுப்பினால், 'இது எந்த இடம், நான் பார்த்தது வெளியிலல்லவா' என்று கேட்பார். இப்போது அவர் மாடிப்படி ஏறுவதே சிரமம்.

ஆகவே 'பெருசுங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியப் போவுது, ஊர் பேர் சொல்லிக் காட்டினா போதும்' என்று அங்கே ஒருவர் எழுதியதற்கு என்னால் சிரிக்கிற முகம் போட முடியவில்லை. என்ன தெரியும் என்று நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா? யார் மனதில் எந்தப் படம் ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களுக்கு அது முதல் தடவை, பெரும்பாலும் கடைசித் தடவையும் அதுதான். இளம்பிள்ளைகள் திரும்பவும் போய்க்கொள்வார்கள். பெரியவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், கூட்டத்தைத் தாமதப்படுத்தக் கூச்சப்படுவார்கள், கொடியைத் தூக்கினால் எழுந்து வந்துவிடுவார்கள். அதைத்தான் உங்களுக்கு வசதியாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

அந்தத் திட்டத்தைப் போட்டவர் இதைப் படிப்பார் என்று தெரியும், இங்கே பொது நண்பர்கள் நிறைய. உங்கள் குழுவில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். மூன்று இரவு முடியாதென்றால் விடுங்கள். பைசா ஊரை எடுத்துவிட்டு ஒரு முழு நாளாவது கொடுங்கள். அக்காதேமியாவுக்கு இப்போதே பதிவு செய்யுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. அதுவும் முடியாதென்றால் சதுக்கத்தில் நிற்கும்போது, இது நகல், அசல் அந்தத் தெருவில் இருக்கிறது, இன்று விடுமுறை என்று அவர்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நிரலில் 'டேவிட் சிலை' என்று போட்டிருப்பதை இன்றைக்கே மாற்றுங்கள்.