இன்னொரு மெஷின் கேட்பதற்கு முன்னால்

புதுச்சேரியில் கேத் லேபில், அதாவது இதய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு ஆஞ்சியோ எடுக்கும், அடைப்பைத் திறக்கும் அறையில், டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ஆஞ்சியோவுக்கு ஏன் இவ்வளவு காத்திருப்பு என்று பேச்செடுத்தாலே, இன்னொரு மெஷின் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இருக்கிற மெஷினே பாதி நேரம் சும்மா நிற்கிறது.

காலை எட்டு மணி கேஸ் என்று வையுங்கள். டாக்டர் வந்தாச்சு, டேபிள் தயார். பேஷன்ட் மட்டும் இன்னும் வார்டில் இருக்கிறார், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் வரவில்லை. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக நாம் செலுத்தும் டை என்ற மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அதனால் ரிப்போர்ட் பார்க்காமல் தொட மாட்டார்கள். சரிதான். முந்தின நாளே ரத்தம் எடுத்திருக்கலாமே? ரிப்போர்ட் வந்தால் காப்பீட்டு அப்ரூவல் வந்திருக்காது. அதுவும் வந்த பிறகு பார்த்தால், கையெழுத்துப் போட வேண்டிய மகன் மருந்துக்கடை வரிசையில் நிற்பார். இப்படித் தள்ளித் தள்ளிப் போய், லிஸ்டில் கடைசியாக இருப்பவரிடம் சாயங்காலம் “நாளைக்குப் பார்க்கலாம்” என்கிறோம். பண்ருட்டியிலிருந்து வந்து, சர்க்கரை நோயோடு காலையிலிருந்து சாப்பிடாமல் கிடந்த மனிதர் அவர். எனக்கு அது பொறுக்கவில்லை.

வெளியே அனுப்புவதிலும் இதே பாடுதான். தொடை வழியாகச் செய்தால், ரத்தக்குழாயில் செருகிய ஷீத் என்ற சிறு குழாயை எடுத்துவிட்டு, ரத்தம் நிற்கும் வரை கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதை டேபிளிலேயே செய்தால் அடுத்த கேஸ் வாசலில் காத்துக்கிடக்கும். பக்கத்தில் நாலு கட்டில் போட்ட அறையும் பழகிய நர்ஸ் ஒருவரும் இருந்தால் போதும். மணிக்கட்டு வழியாகச் செய்தவர் கையில் பட்டையோடு எழுந்து உட்கார்ந்துவிடுவார், பெரும்பாலும் அவருக்குக் கட்டில்கூட வேண்டாம்.

டாக்டரை அவசரப்படுத்தச் சொல்லவில்லை. உள்ளே நடக்கும் வேலைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவும் ஆகட்டும்.

மாரடைப்போடு நேரே வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி, 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறப்பது என்பது கணக்கு. சமீபத்தில் கடலூர்ப் பக்கமிருந்து ஒருவர் ஆம்புலன்சில் வந்தார். ஈசிஜி முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, டாக்டரும் கவுன் போட்டு நின்றார். டேபிளில் முந்தைய பேஷன்ட், கேஸ் முடிந்தும் வார்டில் பெட் இல்லாமல் படுத்திருந்தார். அவரை இறக்க ஸ்ட்ரெச்சருக்கும் ஆளுக்கும் மாடி மாடியாக ஓடினோம்.

முதலில் ஒன்றைச் செய்யுங்கள். தினமும் மாலை நாலு மணிக்கு ஒரு நர்ஸ் மறுநாள் லிஸ்டோடு வார்டுக்குப் போய், ரிப்போர்ட், அப்ரூவல், கையெழுத்து எல்லாவற்றையும் பார்த்துவிடட்டும். எல்லாம் தயாராக இருப்பவர் முதல் கேஸ். அவர்களிலும் சர்க்கரை உள்ளவர்களைக் காலையிலேயே முடித்து அனுப்பிவிடலாம்.